திறமை இருக்கு... டீமுக்கு ஆகமாட்டானா?

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

மலர்க் குழுத் தோழர் கட்டுரை கேட்டு வந்தபோதே, "விளையாட்டைப் பத்தி எழுது. ஆனா கிரிக்கெட் வேணாம், ஏற்கெனவே ஏழு கட்டுரை வந்து கிடக்கு" என்று சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று. கிரிக்கெட்டில் எனக்கு ஸ்கோர் கேட்க மட்டும்தான் தெரியும். கபடி ஊரோடு நின்றுபோனது. பக்கத்தில் நின்று பார்த்து, அக்கு வேறு ஆணி வேறாகத் தெரிந்துகொண்ட விளையாட்டு என்று எனக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. பூல்!

உடனே முகம் சுளிக்காதீர்கள், நண்பர்களே. "அது காசு இருக்கிறவன் ஆட்டம்" என்பார்கள் சிலர். "அது சூதாட்டம்டா" என்பார் எங்கள் அப்பா. இரண்டுக்கும் நடுவில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், மாலை ஆறிலிருந்து பத்து வரை நான் மார்க்கராக வேலை பார்க்கிறேன். மார்க்கர் என்றால் பந்தை அடுக்கித் தருவது, மேஜைத் துணியைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பது, யார் எத்தனை மணிக்கு ஆரம்பித்தார்கள் என்று நோட்டில் குறிப்பது, நடுவில் டீ வாங்கி வருவது. அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். என் டிராயிங் சாமான்களும் செமஸ்டர் பீஸும் அந்தப் பச்சைத் துணியிலிருந்துதான் வருகின்றன.

அந்த மாடியில் சனிக்கிழமை தவறாமல் ஒரு சண்டை நடக்கும். அதில் இதுவரை என்னை யாரும் கருத்துக் கேட்டதில்லை. மார்க்கரிடம் யார் கேட்பார்கள்? அதனால் இங்கே சொல்கிறேன்.

சண்டை மோஸ்கோனி கோப்பையைப் பற்றி. கேள்விப்படாதவர்களுக்காக ஒரு பத்தி. அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் வருடா வருடம் டிசம்பரில் மோதும் பூல் போட்டி இது. அணிக்கு ஐந்து பேர். 1994-ல் இங்கிலாந்தில் தொடங்கியது. வில்லி மோஸ்கோனி என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1993-ல் காலமானார், அவர் பெயரை வைத்தார்கள். இந்த மோஸ்கோனி 1954-ல் ஒரு கண்காட்சி ஆட்டத்தில் ஒரு பந்துகூடத் தவறாமல் தொடர்ந்து 526 பந்துகளைப் பாக்கெட்டில் போட்டவர். எதிராளி நாற்காலியில் உட்கார்ந்தே இருந்திருப்பார், பாவம். வேடிக்கையைப் பாருங்கள்! தனி ஆளாக இப்படி ஒரு காரியம் செய்தவர் பெயரில்தான் ஐந்து பேர் கூட்டாக ஆடும் கோப்பை.

ஆட்டம் நைன் பால். ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட பந்துகள். மேஜையில் இருக்கிற பந்துகளில் எது சின்ன எண்ணோ அதைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். ஒன்பதாம் பந்தை முறைப்படி போட்டவனுக்கு அந்த ரேக். மோஸ்கோனி கோப்பையில் இப்போதைய முறைப்படி ஐந்து ரேக் முதலில் எடுத்தவருக்கு ஆட்டம், அணிக்கு ஒரு புள்ளி. பதினொரு புள்ளி முதலில் எடுத்த அணிக்குக் கோப்பை. ஒரு அடிக்கு முப்பது விநாடிதான் நேரம். சுற்றிலும் கூட்டம் பாட்டுப் பாடும், கத்தும், கேலி செய்யும். சாதாரணப் பூல் போட்டியில் இருமினால்கூட முறைப்பார்கள். இங்கே திருவிழாதான்!

இனி சண்டைக்கு வருகிறேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், இளம் வக்கீல் அண்ணன் ஒருவர். இரண்டு பேரும் எங்கள் வாடிக்கையாளர்கள். சுவரில் இருக்கும் டி.வி.யில் பழைய மோஸ்கோனி ஆட்டங்களை யூட்யூபில் போட்டுவிட்டுத்தான் க்யூவை எடுப்பார்கள். திரையில் ஷேன் வான் போனிங் வந்துவிட்டால் போதும், ஆரம்பித்துவிடும்.

"இவன் மாதிரி பிரேக் அடிக்க உலகத்துல ஆள் கிடையாது. ஆனா டீம் ஆட்டத்துக்கு லாயக்கில்ல" என்பார் வக்கீல் அண்ணன்.

"திறமை இருக்கிறவனை எடுக்காம வேற எவனை எடுக்கிறது?" என்பார் ஸ்பேர் பார்ட்ஸ் அண்ணன்.

"திறமை வேற, தகுதி வேற!"

இந்த "திறமை வேற, தகுதி வேற" என்ற வாக்கியத்தை ஒரு வருஷமாகக் கேட்டபடி பந்து அடுக்கிக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் சொல்கிறார் என்று நினைத்தும் இருந்தேன். அதே வாக்கியம் என் தலையில் விழும் வரை.

மூன்றாம் ஆண்டில் ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. எழுத்துத் தேர்வில் தேறினேன். வெர்னியர் வைத்து அளக்கச் சொன்னார்கள், வரைபடம் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். அதெல்லாம் முடிந்தது. கடைசியாகப் பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்து ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். எட்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் இரண்டு முறை பேசினேன், தமிழில். மற்ற நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சார் வராந்தாவில் என்னை நிறுத்தி, தோளில் கை வைத்து, "மார்க்கெல்லாம் பிரச்சினை இல்லப்பா. டீமுக்குச் சரிப்பட்டு வரமாட்டார்னு சொல்லிட்டாங்க" என்றார். பன்னிரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்!

அன்று இரவும் வேலைக்குப் போனேன். டி.வி.யில் வான் போனிங். வக்கீல் அண்ணன் தன் வாக்கியத்தைச் சொன்னார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அதை எதிர்க்கத் தோன்றியது. (எதிர்க்கவில்லை. டீ வாங்கப் போய்விட்டேன்.)

அதன் பிறகு இரவுகளில் போனில் பழைய ஆட்டங்களாகத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்த வரையில் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

வக்கீல் அண்ணன் கட்சியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெரிய பெரிய பெயர்களாகச் சேர்த்தால் அணி ஆகிவிடாது என்பதற்கு 2013 ஒன்றே போதும். லாஸ் வேகாஸில், சொந்த மண்ணில், அமெரிக்கா இறக்கிய ஐவர்: ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்ட், ஜானி ஆர்ச்சர், ராட்னி மோரிஸ், டென்னிஸ் ஹேட்ச், ஷேன் வான் போனிங். பூல் தெரிந்தவன் இந்தப் பட்டியலைப் பார்த்தால் எழுந்து நிற்பான். முடிவு? ஐரோப்பா 11, அமெரிக்கா 2! ஆக, திறமையைக் கூட்டல் கணக்குப் போட முடியாது. அது வரை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அங்கிருந்து "இன்னார் டீமுக்கு ஆகாதவன்" என்ற தீர்ப்புக்கு ஒரே தாவாகத் தாவுகிறார்களே, அங்கேதான் என் ஆட்சேபம்.

ஏர்ல் ஸ்ட்ரிக்லாண்டை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் யு.எஸ். ஓபன் பட்டத்தை ஐந்து முறை வென்றவர், உலக நைன் பால் சாம்பியன் பட்டத்தை மூன்று முறை. கோபக்காரர். கூட்டத்தோடு சண்டை போடுவார், நடுவரோடு வாதாடுவார், காதில் பெரிய ஹெட்போன் மாதிரி மாட்டிக்கொண்டு, கையில் எடைக்கட்டி கட்டிக்கொண்டு வந்து ஆடுவார். கோயில் திருவிழாவில் கரகம் எடுத்தவர் மாதிரி இருப்பார். இவரைத் தகுதி இல்லாதவர் என்று சொல்லிவிடலாம்தானே? ஆனால் 1996-லிருந்து 2001 வரை ஆறு வருஷம் தொடர்ச்சியாக அமெரிக்கா ஜெயித்ததே, அந்தக் காலத்து அமெரிக்க அணி என்றாலே நினைவுக்கு வருகிற முகம் இவருடையதுதான். ஜெயிக்கும்போது அதே கோபத்துக்குப் பெயர் 'தில்'. தோற்கும்போது 'டீமுக்கு ஆகாத குணம்'. குணம் மாறவில்லை, ஸ்கோர் போர்டுதான் மாறியது.

இன்னொரு கோணம். 2002 டிசம்பர், லண்டன். அந்த வருஷம் ஜூலையில்தான் ஸ்ட்ரிக்லாண்ட் மூன்றாவது முறையாக உலகப் பட்டம் வாங்கியிருந்தார். கோப்பையை முடிவு செய்த ஆட்டத்தில் அவருக்கு எதிரே நின்றவர் ஸ்டீவ் டேவிஸ். இந்த டேவிஸ் பூல்காரரே இல்லை! ஆறு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்நூக்கர் வீரர். வயது 45. ஸ்நூக்கர் மேஜை பன்னிரண்டு அடி, பாக்கெட் வாய் சின்னது. பூல் மேஜை ஒன்பது அடி, பந்து பெரிசு, பிரேக் வேறு, கணக்கு வேறு. எங்கள் மாடியில் ஒரு ஸ்நூக்கர் மேஜையும் இருக்கிறது. அங்கே ஆடுகிறவர்கள் பூல் மேஜைக்கு வந்தால் முதல் அரை மணி நேரம் வெள்ளைப் பந்து அவர்கள் பேச்சைக் கேட்காது, பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று டேவிஸ்தான் ஜெயித்தார். 12-9 என்று கோப்பை ஐரோப்பாவுக்குப் போனது. ஏழு வருஷத்துக்குப் பிறகு!

இதை வைத்து, டேவிஸுக்குத்தான் 'தகுதி' இருந்தது, ஸ்ட்ரிக்லாண்டுக்கு இல்லை என்று எழுதலாம். எழுதவும் எழுதுவார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. இரண்டு பேரும் பத்து முறை ஆடினால் எத்தனை முறை டேவிஸ் ஜெயிப்பார்? அன்றைக்கு நடந்தது ஒரே ஒரு ஆட்டம்.

இந்த இடத்தில் கணக்கு வகுப்புக்கு ஒரு நிமிஷம் வாருங்கள், ஓடிவிடாதீர்கள். ஒரு ஆட்டக்காரன் மற்றவனை விடக் கொஞ்சம் கெட்டிக்காரன் என்று வையுங்கள்: நூறு ரேக் ஆடினால் 55 இவன் எடுப்பான், 45 அவன் எடுப்பான். ஐந்து ரேக் முதலில் எடுப்பவனுக்கு ஆட்டம் என்றால், கெட்டிக்காரன் ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஈருறுப்புப் பரவலில் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு 62 சொச்சம்தான்! அதாவது எட்டு ஆட்டத்தில் மூன்றைத் திறமை குறைந்தவன் தூக்கிக்கொண்டு போவான், யார் குணத்திலும் கோளாறு இல்லாமலே. இதே இருவரும் நூறு ரேக் முதலில் எடுப்பவனுக்கு ஆட்டம் என்று ஆடினால், கெட்டிக்காரன் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 92 ஆகிவிடுகிறது. கணக்கு சாரிடம் காட்டினேன். சரிதான் என்று சொல்லிவிட்டு, இதை எதற்குப் போட்டாய் என்று கேட்டார். 'பூலுக்கு' என்றேன். நீச்சல் குளம் என்று நினைத்துக்கொண்டார்.

நூறு ரேக் ஆட்டம் என்பது நான் கற்பனையாகச் சொன்னதில்லை. வான் போனிங் பணம் கட்டி ஆடும் சவால் ஆட்டங்களில் அப்படி ஆடியிருக்கிறார், மூன்று நாள் நீளும். அவரும் யு.எஸ். ஓபன் ஐந்து முறை வென்றவர்தான். 2022-ல் உலக நைன் பால் பட்டமும் வாங்கினார், இறுதி ஆட்டத்தில் அல்பின் ஒஷானை 13-6 என்று வென்று. நீண்ட ஆட்டத்தில் மலை மாதிரி நிற்கிறவர். மோஸ்கோனி கோப்பையில் ஒரு ஆட்டக்காரருக்கு ஜோடி ஆட்டமும் சேர்த்து ஐந்தாறு ஆட்டம் கிடைத்தால் பெரிது, அதுவும் எல்லாம் குட்டி ஆட்டம். அந்தச் சின்னக் கிண்ணத்தில் மொண்டு பார்த்துக் கடலின் உப்பு இவ்வளவுதான் என்று சொல்லலாமா? பன்னிரண்டு நிமிஷ வட்ட மேஜையில் உட்கார வைத்து ஒருவனை அளக்கலாமா?

இன்னொன்று. வான் போனிங்குக்குப் பிறவியிலேயே காது சரியாகக் கேட்காது. கருவி வைத்திருக்கிறார். ஆடும்போது அதை அணைத்துவிடுவதும் உண்டாம். கூச்சலிடும் கூட்டத்தில் அது பெரிய வரம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அமைதியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்து, 'இவனுக்கு அணி மேல் அக்கறை இல்லை' என்று முடிவு கட்டுவது எவ்வளவு சுலபம்! கையை உயர்த்திக் கத்துகிறவன் அணிக்காரன், பேசாமல் இருக்கிறவன் தனிக்காட்டு ராஜா. மேஜைக்கு வந்து அடித்துவிட்டுப் போவதைக் காட்டிலும் நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தான் என்பதற்குத்தான் மதிப்பெண் போலிருக்கிறது.

'அப்படியானால் டீம் தகுதி என்று ஒன்று இல்லவே இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. நானே கண்ணால் பார்க்கிறேன், ஜோடி ஆட்டத்தில். அங்கே ஒரே அணியின் இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும். நான் ஒரு பந்தைப் போட்டால் அடுத்த அடி என் ஜோடியுடையது. வெள்ளைப் பந்தை நான் எங்கே நிறுத்துகிறேனோ அங்கிருந்துதான் அவன் அடித்தாக வேண்டும். எனக்கு வசதியான இடத்தில் நிறுத்திப் பயனில்லை, அவனுக்கு வசதியான இடத்தில் நிறுத்த வேண்டும். எங்கள் அப்பா மண்டியில் இதைத்தான் செய்கிறார். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி மூன்றாமவன் முதுகில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றிவிடுகிறவனுக்கு, சுமக்கிறவனின் எந்தத் தோள் பலம், எந்த முட்டி வலி என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஏற்றினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். அப்பாவின் கூட்டாளிகள் இதை யாரிடமும் படிக்கவில்லை. பதினைந்து வருஷம் சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள்.

இதற்கு உலக உதாரணம் பிலிப்பைன்ஸ் ஜோடி எஃப்ரென் ரெயஸ், ஃபிரான்சிஸ்கோ புஸ்டமான்டே. 2006-ல் வேல்ஸ் நாட்டில் நடந்த பூல் உலகக் கோப்பை ஜோடிகளுக்கான போட்டி. இறுதியில் இவர்கள் வென்றது ஸ்ட்ரிக்லாண்ட் - மோரிஸ் ஜோடியை! 2009-ல் மணிலாவிலும் இவர்களே வென்றார்கள். ரெயஸ் ஆட்டத்தைப் பார்க்காதவர்கள் இன்றே பாருங்கள். 'மந்திரவாதி' என்றுதான் அவருக்குப் பட்டப்பெயர். அவர் கதை எனக்கு மனப்பாடம். சின்ன வயதில் மணிலாவில் மாமாவின் பூல் கடையில் எடுபிடி வேலை பார்த்தவர். மேஜை எட்டாது என்பதால் கோக்க கோலா பெட்டிகளை அடுக்கி அவற்றின் மேல் ஏறி நின்று ஆடிப் பழகினார். இரவு படுக்கையும் பூல் மேஜை மேலேயே. சொல்லப் போனால் மார்க்கர் ஜாதி! 1985-ல் அமெரிக்காவுக்குப் போனபோது தன்னை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று சீசர் மொராலஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு ஆடி ஜெயித்தார். 1994-ல் யு.எஸ். ஓபனை வென்ற முதல் வெளிநாட்டவரும் அவரே. இப்படிப்பட்டவர் மோஸ்கோனி கோப்பையில் ஒரு நாளும் ஆட முடியாது. ஏன்? அமெரிக்காவும் இல்லை, ஐரோப்பாவும் இல்லை. 'தகுதி' என்பதில் பாஸ்போர்ட்டும் ஒரு பாடம்! 2024-ல்தான் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ரெயஸ் பெயரிலேயே ஒரு கோப்பை வைத்தார்கள். அதற்குள் அவருக்கு வயது எழுபது. ஆசிய அணிக்குக் கேப்டனாக உட்கார்ந்திருந்தார்.

சரி, என் கட்சியின் பலமான சாட்சிக்கு வருகிறேன். 2010-லிருந்து 2017 வரை எட்டு வருஷம் தொடர்ச்சியாக அமெரிக்கா தோற்றது. அந்த நாட்களில் எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சு: அமெரிக்கர்கள் தனியாகச் சுற்றிச் சூதாடிப் பழகியவர்கள், ஐரோப்பியர்கள் பயிற்சியாளரிடம் முறையாகக் கற்றவர்கள், ஆகவே அமெரிக்கர்களுக்கு அணி ஆட்டம் வராது. ரத்தத்திலேயே இல்லை என்கிற மாதிரி. அப்புறம் அமெரிக்கா ஒரு காரியம் செய்தது. ஐரோப்பிய அணிக்குப் பல வெற்றிகளைத் தேடித் தந்த நெதர்லாந்துக்காரர் யோஹான் ரைசிங்கையே தன் கேப்டனாகக் கூப்பிட்டது. எதிரி வீட்டுச் சமையல்காரரை நம் வீட்டு விசேஷத்துக்கு அழைத்த மாதிரி! முதல் வருஷம், 2017: அமெரிக்கா 4, ஐரோப்பா 11. எல்லோரும் சிரித்தார்கள். அமெரிக்கா அவரை மாற்றவில்லை. 2018, லண்டன், எதிரிக் கூட்டத்தின் நடுவில்: அமெரிக்கா 11, ஐரோப்பா 9. 2019, லாஸ் வேகாஸ்: அமெரிக்கா 11, ஐரோப்பா 8.

2017-ல் 4-11 என்று மண்ணைக் கவ்விய வான் போனிங், ஸ்கைலர் உட்வர்ட், பில்லி தோர்ப் மூவரும் 2018-லும் அணியில் இருந்தார்கள். அதிலும் உட்வர்டுக்கு 2018, 2019 இரண்டு வருஷமும் சிறந்த ஆட்டக்காரர் விருது. ஒரே வருஷத்தில் ரத்தம் மாறிவிட்டதா? இல்லை. கூட்டி உட்கார வைத்துப் பழக்க ஒரு ஆள் வந்தார், ஒரு தோல்விக்குப் பிறகும் அவரை விட்டு வைத்தார்கள். தகுதி இல்லை என்று யாரைச் சொன்னார்களோ அவர்கள் கையிலேயே கோப்பை! இல்லாமல் இருந்தது ஆட்டக்காரனிடமா, அவனைச் சேர்த்துக்கொண்டவர்களிடமா?

இதை ஒரு சனிக்கிழமை, டீ கிளாஸ்களைக் கீழே வைத்துவிட்டு, வக்கீல் அண்ணனிடம் சொல்லியே விட்டேன். இரண்டு அண்ணன்களும் க்யூவை ஊன்றியபடி என்னைப் பார்த்தார்கள். மேஜை பேச ஆரம்பித்த மாதிரி ஒரு பார்வை.

வக்கீல் அண்ணன் சும்மா விடுவாரா? "சரிடா தம்பி. 2020-ல என்ன ஆச்சு?"

11-3 என்று ஐரோப்பா ஜெயித்தது.

"2021? 22? 23? 24?"

எல்லாம் ஐரோப்பா. ஐந்து வருஷம் தொடர்ச்சியாக. நியாயமான கேள்வி, மறைக்க ஒன்றுமில்லை. ரைசிங்க் 2019-க்குப் பிறகு அமெரிக்க அணியில் இல்லை என்று சொன்னேன். ஆனால் அது முழுப் பதில் ஆகாது என்று எனக்கே தெரியும். ஐரோப்பாவுக்கு ஜோஷுவா ஃபில்லர் வந்தார், 20 வயதில் முதல் மோஸ்கோனியிலேயே சிறந்த ஆட்டக்காரர், அடுத்த வருஷம் உலகச் சாம்பியன். ஜேசன் ஷா இருக்கிறார், ஒஷான் இருக்கிறார். அமெரிக்காவில் அந்த அளவுக்குப் பின்னால் வருகிறவர்கள் குறைவு. ரஷ்யாவில் பிறந்து முதலில் ஐரோப்பாவுக்காக ஆடிய ஃபெடோர் கோர்ஸ்டைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டும் 2024-ல் 6-11 தான். ஆக, திறமை இல்லாத இடத்தில் சேர்ந்து பழகி மட்டும் மேஜையை ஜெயித்துவிட முடியாது. ஸ்பேர் பார்ட்ஸ் அண்ணன் கட்சிக்கும் ஒரு புள்ளி! நான் சொல்வது, திறமை இருப்பவனைத் தள்ளிவிட 'டீமுக்கு ஆகமாட்டான்' என்ற நாலு வார்த்தையைச் சுலபமாக எடுத்து வீசுகிறார்களே, அதை வீசும் முன் அவனோடு எத்தனை நாள் சேர்ந்து ஆடிப் பார்த்தீர்கள் என்று சொல்லிவிட்டு வீசுங்கள் என்பதுதான்.

வக்கீல் அண்ணன் சிரித்தார். "நீ ஷேனுக்கு வக்காலத்து வாங்குறியா, உனக்கே வாங்குறியாடா?"

இண்டர்வியூ விஷயம் முதலாளி சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டுக்கும்தான் என்றேன். முகம் சிவந்துவிட்டது எனக்கு.

அன்று ஜோடி ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் அண்ணன் ஒரு க்யூவை என் கையில் திணித்து, "இவ்வளவு பேசினியே, வா, எனக்கு ஜோடி நீதான்" என்றார். வாடிக்கையாளரோடு மார்க்கர் ஆடக் கூடாது என்பது கடைச் சட்டம். முதலாளி கல்லாவிலிருந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணனைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் ஏற்கெனவே உண்டு. தூரத்துப் பந்து என்றால் பயப்படுவார். எட்டி அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல் தட்டிவிட்டு ஒதுங்கிவிடுவார். ஒரு வருஷமாகப் பார்க்கிறேன் இல்லையா? 'கை நல்ல கை, ஆனா நெஞ்சு பத்தாது' என்று மனசுக்குள் அவருக்கு எப்போதோ மார்க் போட்டு வைத்திருந்தேன்.

பந்து அடுக்கியதும், எழுதப் போகிற கட்டுரை நினைவுக்கு வந்ததோ என்னவோ, கேட்டேன்: "அண்ணே, வெள்ளைப் பந்து எந்தப் பக்கம் நின்னா உங்களுக்கு வசதி?"

"கரையோரமா நிறுத்துடா. நடுவுல நிறுத்திடாத" என்றார். "முதுகுல ஆபரேஷன் பண்ணினதுல இருந்து குனிஞ்சு எட்ட முடியல. டாக்டர் ஆடவே கூடாதுன்னார். நாந்தான் வந்துக்கிட்டு இருக்கேன்."

வெள்ளைப் பந்தை நான் மூன்று முறை நடுவில்தான் நிறுத்தினேன். கை பழகவில்லை. 5-3 என்று தோற்றோம்.